கணினியே மாற்றித் தருகிறதே, பிரெயில் இசைக்குறியீட்டை இன்னும் ஏன் படிக்க வேண்டும்?

மார்ச் 3, மாலை (கேள்வி)

கீபோர்டு வாசிக்கிறேன், பிறவியிலிருந்து பார்வை கிடையாது. பிரெயிலில் கதை, பாடம் எல்லாம் படிப்பேன். இசைக்குறியீடு மட்டும் தெரியாது. என் வாதம் இதுதான். இன்று மியூசிக்எக்ஸ்எம்எல் (இசைக்குறியீட்டைக் கணினி படிக்கும்படி வைக்கும் வடிவம்) கோப்பு ஒன்று கையில் இருந்தால் போதும். மியூஸ்ஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருள் அதை வாசித்துக் காட்டும், திரையில் இருப்பதைப் பேசும் ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு நோட்டையும் பெயர் சொல்லிப் படிக்கும், வேண்டுமென்றால் பிரெயிலாகவும் மாற்றித் தரும். கேட்டே பழகிவிடலாம். அப்புறம் எதற்கு அந்தக் குறியீட்டை மாதக்கணக்கில் உட்கார்ந்து படிக்க வேண்டும்? படித்தவர்கள் யாராவது பூசி மெழுகாமல் சொல்லுங்கள்.

மார்ச் 3, இரவு 10.15 (பதில்)

படிக்கத்தான் வேண்டும். மாதக்கணக்கு என்கிறீர்களே, அதில்தான் எனக்குச் சந்தேகம். பிரெயில் எழுத்து ஏற்கெனவே விரலில் இருப்பவருக்கு அடிப்படை சீக்கிரம் வந்துவிடும்.

பிரெயிலில் ஓர் எழுத்துக்கான கட்டம்தான் செல். ஒரு செல்லில் ஆறு புள்ளி: இடப்பக்கம் மேலிருந்து 1, 2, 3, வலப்பக்கம் 4, 5, 6. மேலே உள்ள 1, 2, 4, 5 நான்கும் எந்த நோட் என்று சொல்லும். கீழே உள்ள 3, 6 இரண்டும் அதன் நீளத்தைச் சொல்லும். ஆங்கில எழுத்து டி முதல் ஜே வரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து டி என்றால் நோட் சி, எழுத்து இ என்றால் நோட் டி, இப்படியே போய் ஜே வந்தால் நோட் பி. கீழே புள்ளியே இல்லையென்றால் எய்த் நோட். 6 சேர்ந்தால் குவார்ட்டர். 3 சேர்ந்தால் ஹாஃப். இரண்டும் சேர்ந்தால் ஹோல். ஹோல் முழு நீளம், ஹாஃப் அதில் பாதி, குவார்ட்டர் கால், எய்த் எட்டில் ஒன்று. ஏழு நோட், நான்கு நீளம், மொத்தம் இருபத்தெட்டு வடிவம். அத்தனையும் உங்களுக்குத் தெரிந்த செல்கள்தான்.

எழுத்து ஒரு பெயர், நோட் இன்னொரு பெயர் என்பதால் முதலில் தலை சுற்றும். எழுத்தின் பெயரை மனதில் சொல்லாமல் விரலிலிருந்து நேரே நோட்டுக்குப் போகப் பழகினால் அந்தச் சுற்றல் நின்றுவிடும்.

மார்ச் 3, இரவு 10.40

விட்டுப்போனது ஒன்று. தமிழ் பிரெயிலில் ‘ம’ எழுதும் அதே புள்ளிகள்தான் ஹோல் ரெஸ்ட், அதாவது ஹோல் நீளத்துக்கு வாசிக்காமல் விடுவது. ‘உ’ எழுதினால் ஹாஃப் ரெஸ்ட், ‘வ’ எழுதினால் குவார்ட்டர் ரெஸ்ட். கொஞ்ச நாள் நான் வாசிக்காத இடத்தில் எல்லாம் ம, உ, வ என்று முனகிக்கொண்டு திரிந்தேன்.

மார்ச் 5

கேட்டுப் பழகுவதைப் பற்றி. நான் நாலு குரல் கூட்டுப்பாட்டுக் குழுவில் ஆல்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பாடுகிறேன். சேர்ந்த புதிதில் எல்லாமே காதால்தான். என் வரியை மட்டும் யாராவது பதிவு செய்து தருவார்கள், நான் மனப்பாடம் செய்துகொண்டு போவேன். முழுப் பாட்டையும் ஒருமூச்சாகப் பாடும்வரை ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஒத்திகையில் யாரும் ஒருமூச்சாகப் பாடுவதில்லை. நடத்துபவர் கையைத் தட்டி நிறுத்துவார். “23-ஆவது பார், மூன்றாவது பீட்டிலிருந்து, ஆல்டோவும் டெனரும் மட்டும்.” (பீட் என்பது தாளத்தின் ஒரு தட்டு, சில பீட் சேர்ந்த பகுதி பார்.) எல்லோரும் தாளில் கண்ணை ஓட்டி அடுத்த நொடியில் தயார். நான் மனதுக்குள் பாட்டின் தலையிலிருந்து ஓட ஆரம்பித்து, அந்த இடத்தைப் பிடிப்பதற்குள் அவர்கள் இரண்டு பார் தாண்டியிருப்பார்கள். பதிவில் பார் எண் கிடையாது. பிரெயில் தாளில் ஒவ்வொரு வரித் தொடக்கத்திலும் பார் எண் இருக்கிறது. வரியின் ஓரத்தில் கட்டைவிரல் அளவு இடத்தைத் தடவினால் போதும்.

இன்னொன்று. பதிவைக் கேட்டுக் கற்றால் பாடியவர் எங்கே மூச்சு எடுத்தாரோ அங்கேயே நாமும் எடுப்போம். அவர் இழுத்த இடத்தில் இழுப்போம். எழுதியவர் என்ன எழுதினார், பாடியவர் என்ன சேர்த்தார் என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

மார்ச் 6, காலை

ஸ்கிரீன் ரீடர் பெயர் சொல்லிப் படிக்கும் என்றீர்கள். படிக்கும். மியூஸ்ஸ்கோரில் அம்புக்குறி விசையை அழுத்திப் பாருங்கள்: நோட், சி4, குவார்ட்டர், பார் 1, பீட் 1, ஸ்டாஃப் 1. (ஸ்டாஃப் என்றால் அச்சில் நோட் எழுதும் ஐந்து கோடு.) அடுத்த விசைக்கு மறுபடியும் அதே பல்லவி. ஒரு வீட்டைச் செங்கல் செங்கலாகப் பெயர் சொல்லிக் காட்டுவது மாதிரி. ஒரு நோட் சந்தேகமாக இருந்தால் சரிபார்க்க இதைவிட நல்ல வழி இல்லை, நானும் தினமும் செய்கிறேன். ஒரு பக்கத்தை இப்படிப் படித்து முடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.

விரலுக்கு அந்தப் பாரம் கிடையாது. நாலு குவார்ட்டர் நோட் என்றால் நாலு செல். ஒரு தடவலில் முடிந்தது, அதன் ஏற்ற இறக்கமும் சேர்ந்தே தெரிகிறது.

மார்ச் 6, இரவு

கேட்டவர் எழுதுகிறார்: “அக்கா, ஒரு பி.ஆர்.எஃப் கோப்பு இறக்கிப் பார்த்தேன். ஸ்கிரீன் ரீடர் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, டாலர் என்று ஏதோ உளறுகிறது. பிரெயில் டிஸ்ப்ளேயிலும் (புள்ளிகளை எழுப்பி விரலுக்குக் காட்டும் கருவி) குப்பை. கோப்பு கெட்டுவிட்டதா?”

கெடவில்லை தம்பி. அது உளறியது சி, டி, இ. மூன்று குவார்ட்டர் நோட். பி.ஆர்.எஃப் என்பது பிரெயிலைச் சேமிக்கும் வெறும் எழுத்துக்கோப்பு. 64 செல்லுக்கும் விசைப்பலகையில் உள்ள குறிகளில் ஒவ்வொன்றை ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். புள்ளி 1-4-5-6-க்குக் கேள்விக்குறி, 1-5-6-க்கு முக்காற்புள்ளி, 1-2-4-6-க்கு டாலர். சி மேஜர் ஸ்கேலை குவார்ட்டர் நோட்டில் எழுதித் திறந்தால் கோபத்தில் யாரோ திட்டி எழுதியது மாதிரி இருக்கும். முதல் வேலையாகப் பேச்சை அணைத்துவிடுங்கள்.

டிஸ்ப்ளே குப்பைக்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, சுருக்கெழுத்து பிரெயில் மாற்றம் ஓடிக்கொண்டிருப்பது. அது இசைக் குறிகளை ஆங்கில வார்த்தை என்று நினைத்துச் சுருக்கப் பார்க்கும். இரண்டாவது, 8 புள்ளி கணினி பிரெயில் அட்டவணை. அதில் பெரிய எழுத்துக்கு 7-ஆம் புள்ளி கூடவே வரும். பி.ஆர்.எஃப் கோப்புகள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் சேமிக்கப்படுவதால் நோட்டுக்கு நோட் வாலில் ஒரு புள்ளி தொங்கும். என்விடிஏ ஸ்கிரீன் ரீடரில் பிரெயில் அமைப்புக்குப் போய் வெளியீட்டு அட்டவணையை ‘அமெரிக்க ஆங்கில 6 புள்ளி கணினி பிரெயில்’ என்று மாற்றுங்கள். கர்சர் இருக்கும் வார்த்தையை விரித்துக் காட்டும் வசதியையும் அணைத்துவிடுங்கள். கர்சரே 7, 8 புள்ளியாகத் துடித்துக்கொண்டிருக்கும், அதைப் பொருட்படுத்தாமல் பழகிக்கொள்ளலாம், அல்லது துடிப்பை நிறுத்தலாம்.

படித்து முடித்ததும் அட்டவணையைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். இதற்கென்று தனி அமைப்புத்தொகுப்பு ஒன்றை என்விடிஏ-வில் சேமித்துவைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் தேடி அலைய வேண்டாம்.

மார்ச் 6, இரவு, பின்குறிப்பு

யூனிகோட் பிரெயிலாக ஏற்றுமதி செய்ய வாய்ப்பு இருந்தால் அதையே எடுங்கள். அதில் புள்ளிகள் புள்ளிகளாகவே சேமிக்கப்படும், அட்டவணைச் சண்டை குறையும். அச்சுப்பொறிக்கு அனுப்புவதற்குத்தான் பி.ஆர்.எஃப்.

மார்ச் 9

“மென்பொருள் தப்பாக மாற்றுகிறது. நாலு சிக்ஸ்டீன்த் நோட் இருக்கும் இடத்தில் முதல் நோட்டை ஹோல் என்றும் மீதி மூன்றை எய்த் என்றும் போட்டிருக்கிறது.”

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மென்பொருள் மேல் தவறில்லை.

பிரெயிலில் ஹோல் நோட்டுக்கும் சிக்ஸ்டீன்த் நோட்டுக்கும் வடிவம் ஒன்றுதான். ஹாஃப் என்றால் தர்ட்டி-செகண்டாகவும் இருக்கலாம், குவார்ட்டர் என்றால் அறுபத்துநாலில் ஒன்று, எய்த் என்றால் நூற்றிருபத்தெட்டில் ஒன்று. எது என்பதை பாரின் கணக்கு சொல்லிவிடும். 4/4 பாரில் (நாலு குவார்ட்டர் அடங்கும் பார்) நாலு ஹோல் நோட் அடுத்தடுத்து வர முடியாது அல்லவா? அடுத்து, பார்வையுள்ளவர்கள் தாளில் சிக்ஸ்டீன்த் நோட்டுகளை ஒரு கோடு போட்டு இணைக்கிறார்களே, அதற்குப் பதிலாக இங்கே ஒரு பீட்டில் அடங்கும் கூட்டத்தில் முதல் நோட்டை மட்டும் உண்மையான வடிவத்தில் எழுதி, மீதியை எய்த் வடிவத்தில் எழுதுவார்கள். கீழே புள்ளி கனமாக உள்ள ஒரு செல், பின்னால் லேசான மூன்று செல். பீட் எங்கே தொடங்குகிறது என்று விரல் எண்ணாமலே கண்டுபிடித்துவிடும். முதலில் எரிச்சலாக இருக்கும், பழகினால் இதுதான் இந்தக் குறியீட்டிலேயே எனக்குப் பிடித்த ஏற்பாடு.

ஆக்டேவ் (சி முதல் பி வரை ஏழு நோட் கொண்ட அடுக்கு) குறியும் இதே ரகம். பிரெயிலில் ஐந்து கோடு கிடையாது, மேலே கீழே என்று நோட் நகராது. அதனால் எந்த ஆக்டேவ் என்று தனிக்குறி வேண்டும். நடு சி-யில் தொடங்கும் நாலாவது ஆக்டேவுக்குப் புள்ளி 5. ஒவ்வொரு நோட்டுக்கும் போட்டால் பக்கம் தாங்காது. அதனால் விதி: முதல் நோட்டுக்குக் கட்டாயம். அடுத்தது செகண்ட் (பக்கத்து நோட்), தேர்ட் (அதற்கு அடுத்தது, மற்றவையும் இப்படியே) தள்ளி இருந்தால் வேண்டாம். சிக்ஸ்த் அல்லது அதற்கு மேல் தாவினால் கண்டிப்பாக வேண்டும். ஃபோர்த், ஃபிஃப்த் என்றால் வேறு ஆக்டேவுக்குள் நுழைந்தால் மட்டும். புது வரி தொடங்கினால் மறுபடியும் ஒன்று.

இந்த விதியை மனப்பாடம் செய்ய வேண்டாம். கீபோர்டில் வாசித்துக்கொண்டே ஒரு பக்கம் படியுங்கள், குறி இல்லாத இடத்தில் கை தானாகவே பக்கத்து நோட்டுக்குத்தான் போகும்.

மார்ச் 10

கேட்டவர் இல்லை, வேறொருவர் கேட்டிருக்கிறார்: இரண்டு கையாலும் வாசிக்கும்போது எந்தக் கையால் படிப்பீர்கள்?

மூன்றாவது கை இருப்பவர்களைத்தான் கேட்க வேண்டும். இதுதான் இந்த விஷயத்தின் ஆணிவேர், எந்தக் கருவியும் இதைத் தீர்க்காது. பியானோக்காரர் இடக்கையால் படித்து வலக்கைப் பகுதியை வாசிப்பார், பிறகு கை மாற்றி, பிறகு இரண்டையும் சேர்த்து, அந்த நாலு பார் மனதில் ஏறியதும் அடுத்த நாலு பார். பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது நமக்கு இல்லை. பாடுகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கவலை கிடையாது, கை சும்மாதானே இருக்கிறது. நான் ஆல்டோவுக்குப் போனதில் இந்தச் சுயநலமும் உண்டு.

கார்டு (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல நோட்) எழுதும் முறையும் இதை ஒட்டித்தான். ஒரு நோட்டை முழுசாக எழுதிவிட்டு மற்றவற்றை அதிலிருந்து எத்தனை தொலைவு என்று எழுதுவார்கள். வலக்கை என்றால் மேல் நோட்டிலிருந்து கீழே எண்ண வேண்டும், இடக்கை என்றால் கீழ் நோட்டிலிருந்து மேலே. சி-இ-ஜி கார்டு வலக்கையில் ஜி, தேர்ட், ஃபிஃப்த். அதே கார்டு இடக்கையில் சி, தேர்ட், ஃபிஃப்த். பின்னால் வரும் குறிகள் ஒன்றே, திசைதான் வேறு. எந்தக் கை என்று தொடக்கத்தில் போடும் கைக்குறியைக் கவனிக்காமல் படித்தால் கார்டு தலைகீழாகப் போய்விடும்.

மார்ச் 11

டிஸ்ப்ளேயா, தாளா? தாள். யோசிக்கவே வேண்டாம். பியானோ இசையை வலக்கை வரி மேலே, இடக்கை வரி கீழே என்று பாருக்குப் பார் நேராக அடுக்கி எழுதுவது வழக்கம். தாளில் இரண்டு விரலை மேலும் கீழும் வைத்தால் எந்த நோட்டோடு எந்த நோட் சேர்கிறது என்று தெரியும். ஒரே வரி உள்ள டிஸ்ப்ளேயில் அந்த அடுக்கு உடைந்துவிடும். கீழே போய், மேலே வந்து, மறுபடி கீழே போய், எந்த இடத்தில் இருந்தோம் என்பதே மறந்துவிடும். போதாக்குறைக்குக் கோப்பு பொதுவாக வரிக்கு 40 செல் என்று அமைந்திருக்கும், டிஸ்ப்ளே அதைவிடக் குறுகியது என்றால் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வால்துண்டு.

மார்ச் 14

மேலே ‘யோசிக்கவே வேண்டாம்’ என்றதை இரண்டு நாள் யோசித்தேன்.

தாள் கற்பதற்குச் சரி. ஒரு பாரில் ஒரு நோட்டை மாற்ற வேண்டுமென்றால் தாள் எதற்கும் ஆகாது, பக்கத்தையே மறுபடி அச்சடிக்க வேண்டும். எழுதுவதற்கும் திருத்துவதற்கும் டிஸ்ப்ளேதான். அதோடு, கருவி வாங்கும்போது பார்க்க வேண்டியது வரி எத்தனை என்பதும்தான். பல வரி கருவிகள் வந்துவிட்டன. கனூட் 360-இல் 40 செல் வீதம் 9 வரி. பெயரிலேயே கணக்கு இருக்கிறது. பக்கம் மாற நேரம் எடுக்கும், வரி வரியாகத்தான் புள்ளிகள் எழும்பும். ஆனால் இசைக்கு அது குறையே இல்லை, ஒரு பக்கத்தோடு நாம் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுகிறோம்! மோனார்க் கருவியில் 32 செல் வீதம் 10 வரி. அடுக்கி எழுதிய பியானோ இசையை மின்னணுவில் அடுக்காகவே தொட முடிகிறது என்பதுதான் விஷயம்.

ஒரு வரி டிஸ்ப்ளேதான் உள்ளது என்றால் அடுக்கு வடிவத்தோடு போராட வேண்டாம். வலக்கையின் எட்டுப் பார் முழுவதும், பிறகு இடக்கையின் அதே எட்டுப் பார் என்று பகுதி பகுதியாக எழுதும் முறை இருக்கிறது. மாற்றும் மென்பொருளில் அந்த வடிவத்தையும் வரி நீளத்தையும் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். தேர்ந்தெடுக்கவே விடாத மென்பொருள்களும் உண்டு.

மார்ச் 15

காது பற்றி மார்ச் 5-இல் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் ஹெல்முட் வால்காவை நினைவூட்டினார். நியாயம். ஜெர்மன் ஆர்கன் கலைஞர், பதின்வயதில் பார்வை இழந்தவர். இசையமைப்பாளர் பாக்-கின் இசையில் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மனதிலேயே ஒன்றாகப் பின்னிக்கொண்டவர். பாக்-கின் ஆர்கன் படைப்புகளை இரண்டு முறை பதிவு செய்தார்.

ஆக, காதால் முடியாது என்று நான் சொன்னால் வால்கா சிரிப்பார். ஆனால் கவனியுங்கள், அவர் பதிவைக் கேட்கவில்லை. ஒவ்வொரு குரலையும் தாளைப் பார்த்து வாசித்துக்காட்ட ஓர் ஆள் பக்கத்தில் இருந்தார், முதலில் தாய், பிறகு மனைவி. குரல் குரலாகப் பிரித்துத் தர ஒருவர் ஆயுள் முழுக்க இருந்தால் நானும் காதாலேயே கற்பேன். இப்போது அந்த வேலையில் ஒரு பங்கை மியூஸ்ஸ்கோர் செய்கிறது: மற்ற ஸ்டாஃபை எல்லாம் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் ஒலிக்கவிடலாம், வேகத்தையும் குறைக்கலாம். விரலும் காதும் சேர்ந்து போனால்தான் சீக்கிரம் ஏறும். கேட்டவர் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன், மீதிப் பாதியை விடமாட்டேன்.

மார்ச் 17

இப்போது எழுதுவது. எல்லோரும் வாசிப்பைப் பற்றியே பேசுகிறார்கள்.

கணினி விசைப்பலகையிலேயே ஆறு விசை முறையில் எழுதலாம். எஃப், டி, எஸ் மூன்றும் புள்ளி 1, 2, 3. ஜே, கே, எல் மூன்றும் 4, 5, 6. பெர்கின்ஸ் பிரெயில் எழுதுகருவியில் பழகிய கைக்கு உடனே வந்துவிடும். மியூஸ்ஸ்கோர் 4-இல் பிரெயில் பலகம் ஒன்று சேர்ந்திருக்கிறது. நாம் நிற்கும் இடத்து இசை டிஸ்ப்ளேயில் பிரெயிலாக வரும், பிரெயிலாகவே உள்ளிடவும் முடியும். பார்வையுள்ள ஆசிரியர் அதே கோப்பில் ஐந்து கோட்டில் பார்ப்பார். மாணவர் எழுதுவது, ஆசிரியர் திருத்துவது இரண்டும் ஒரே கோப்பில் நடக்கிறது. இது சின்ன விஷயமில்லை.

ஆறு விசை எழுத வரவில்லை, சில செல்கள் மட்டும் தப்பாக விழுகின்றன என்று புலம்புகிறவர்களுக்கு: உங்கள் விசைப்பலகையைச் சோதியுங்கள். பல மலிவான விசைப்பலகைகள் ஒரே நேரத்தில் ஆறு விசை அழுத்தினால் ஒன்றிரண்டை விழுங்கிவிடும். சோதிக்க ஹோல் நோட் எஃப் எழுதிப் பாருங்கள். அது ஒன்றுதான் ஆறு புள்ளியும் எழும் நோட். அது சரியாக விழுந்தால் மற்றதும் விழும். விழவில்லை என்றால் டிஸ்ப்ளேயில் உள்ள பிரெயில் விசைகளையே பயன்படுத்துங்கள், அல்லது வேறு விசைப்பலகை.

மார்ச் 17, இரவு

ரோட்ரிகோவைச் சொல்லாமல் விடக்கூடாது. ஹோக்கின் ரோட்ரிகோ, ஸ்பெயின் நாட்டு இசையமைப்பாளர், மூன்று வயதில் பார்வை போனது. இசையைப் பிரெயிலில் எழுதுவார். பிறகு நகல் எழுதுபவருக்குத் தான் எழுதியதைச் சொல்லச் சொல்ல அவர் ஐந்து கோட்டில் எழுதுவார். ஆர்கெஸ்ட்ரா இசையை இப்படி எழுதுவித்திருக்கிறார் என்று நினைக்கும்போதெல்லாம் அந்த நகல் எழுதுபவருக்கும் ஒரு கும்பிடு போடத் தோன்றும்.

நாம் இப்போது ஒரு கோப்பைச் சேமித்து அனுப்பிவிடுகிறோம்.

மார்ச் 18

எந்த மென்பொருள் என்று பலர் கேட்கிறார்கள். பட்டியல் போட எனக்குப் பொறுமை இல்லை, பயன்படுத்தியதை வைத்துச் சொல்கிறேன். மியூசிக்எக்ஸ்எம்எல்-ஐப் பிரெயிலாக்க இலவசமாக வேண்டுமென்றால் சாவ் மாய் பிரெயில். வியட்நாமில் பார்வையற்றோருக்கான மையம் ஒன்று உருவாக்கியது. வடிவமைப்பில் நாம் கைவைக்க நிறைய இடம் தருகிறது. குட்ஃபீல் பழைய கை, காசு கொடுக்க வேண்டும், பாடல் வரியும் நோட்டும் சேர்ந்து வரும் இடங்களை ஒழுங்காக அமைக்கிறது. எழுத்தாகவே தட்டி இசை எழுதப் பிடித்தவர்களுக்கு லிலிபாண்ட். சுட்டியே தேவையில்லை, எல்லாம் எழுத்துக்கோப்பு. அதன் பலன் அழகான அச்சு, பிரெயில் அல்ல. பார்வையுள்ளவர்களுக்குத் தாள் கொடுக்க வேண்டியபோது நான் அதற்குப் போகிறேன்.

மார்ச் 21

கோப்பு எங்கிருந்து வரும்? இதுதான் எல்லாரையும் வாட்டும் கேள்வி.

முதல் வழி, ஏற்கெனவே யாராவது எழுதியது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1962 முதல் பார்வையற்றோருக்கான இசைத் தொகுப்பை வளர்த்து வருகிறது. 2013-இல் கையெழுத்தாகி 2016-இல் அமலுக்கு வந்த மராகேஷ் ஒப்பந்தம், ஒரு நாட்டில் தயாரித்த பிரதியை இன்னொரு நாட்டில் உள்ளவருக்கு அனுப்ப வழி செய்தது. ஒப்பந்தம் புத்தகத்துக்கு மட்டும்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். அதன் வரையறையில் எழுத்தோடு இசைக்குறியீடும் சேர்த்தே சொல்லப்பட்டிருக்கிறது. நூலகத்தில் கேட்கும்போது இதைச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாவது, தாளை ஸ்கேன் செய்து கணினியை அடையாளம் காணச் சொல்வது. ஒரு வரி மெட்டு என்றால் நன்றாகவே வருகிறது. ஒரே ஸ்டாஃபில் இரண்டு குரல் ஓடும் இடத்தில் குழம்பிவிடும். நோட்டுக்குப் பக்கத்தில் உள்ள புள்ளி நீளத்தைக் கூட்டுவது, மேலே உள்ள புள்ளி ஸ்டகாட்டோ (நோட்டை வெட்டி வாசிப்பது). தாளில் ஒரு தூசி விழுந்தால் அதுவும் இரண்டில் ஒன்றாகிவிடும். எந்த விரலால் வாசிப்பது என்று சொல்லும் விரல் எண்கள் பெரும்பாலும் காணாமலே போகும். நமக்கோ விரல் எண்தான் உயிர்.

பழைய ஆசிரியர் ஒருவர் ஸ்கேன் செய்ததைச் சரிபார்க்காமல் அப்படியே பிரெயில் அச்சடித்துக் கொடுத்தார். அதில் மூன்றாம் பக்கம் முழுவதும் தாழ்ந்த நோட்டுகளுக்கான பேஸ் கிளெஃப் குறி, உயர்ந்த நோட்டுகளுக்கான டிரெபிள் என்று வாசிக்கப்பட்டிருந்தது. இடக்கை எங்கேயோ கூரையில் உலாவியது. இதை எழுதியவர் ரொம்பத் துணிச்சல்காரர் என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன்.

மார்ச் 22

கொஞ்சம் தடம் மாறுகிறேன். லூயி பிரெயிலே ஆர்கன் வாசிப்பவர். பாரிஸ் தேவாலயங்களில் வாசித்தவர். 1829-இல் அவர் வெளியிட்ட முதல் விளக்க நூலின் தலைப்பிலேயே சொற்களோடு இசையும் இருக்கிறது. அதற்கு முன் அவர் படித்த பள்ளியில் பார்வையுள்ளவர்களின் எழுத்தையே மேடாக அச்சடித்துத் தடவச் சொன்னார்கள். படிப்பது நத்தை வேகம், தானாக எழுதவோ வழியே இல்லை. எழுதவும் முடிகிற முறை வேண்டும் என்பதில்தான் அவர் பிடிவாதமாக இருந்தார். இன்று மாற்றித் தரும் மென்பொருள் போதும் என்கிறவர்கள் வாசிப்பை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள் என்று எனக்கு ஒரு குறை.

மார்ச் 27

கேட்டவர் ஒரு பாட்டை ஸ்கேன் செய்து, மியூஸ்ஸ்கோரில் கேட்டுப் பழகி, வாசித்த பதிவையும் கோப்பையும் அனுப்பியிருக்கிறார். “இரண்டும் ஒத்துப்போகிறது, பாருங்கள்” என்கிறார். இன்று இரவு படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மார்ச் 28

படித்துவிட்டேன். வாசிப்பு நன்றாக இருக்கிறது தம்பி, கை தெளிவு. கோப்பும் பதிவும் ஒத்துப்போவதும் உண்மை. 17-ஆவது பாருக்கு வாருங்கள்.

4/4. வலக்கையில் இருப்பது: குவார்ட்டர், குவார்ட்டர், எய்த், எய்த், எய்த், குவார்ட்டர். கூட்டிப் பாருங்கள், நாலரை பீட். இடக்கையில் அதே பாரின் கடைசியில் ஓர் எய்த் ரெஸ்ட், ஆங்கில எக்ஸ் வடிவம், தனியாக நிற்கிறது. அதற்கு முன்பே இடக்கைக்கு நாலு பீட் முடிந்துவிட்டது. வலக்கை அரை பீட் நீண்டுவிட்டதால் கணினி இடக்கையையும் இழுத்துக்கட்ட அந்த ரெஸ்டைத் தானாகச் சேர்த்திருக்கிறது.

தாளில் அந்த மூன்று எய்த் நோட்டின் மேல் சின்னதாக ஒரு 3 இருந்திருக்கும். டிரிப்லெட், அதாவது இரண்டு எய்த் நேரத்தில் மூன்று எய்த். ஸ்கேன் அதைத் தவறவிட்டுவிட்டது. பார்வையுள்ள யாரையாவது தாளில் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பிரெயிலில் மூன்று எய்த்துக்கு முன்னால் புள்ளி 2-3, ஒரே ஒரு செல், அது வந்தால் கணக்கு நாலுக்கு இறங்கிவிடும். இடக்கை ரெஸ்டையும் நீக்கிவிடுங்கள்.

உங்கள் பதிவில் அந்த இடத்தில் அரை பீட் தடுக்கி நிற்கிறது. மியூஸ்ஸ்கோர் எப்படி வாசித்ததோ அப்படியே கற்றிருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு உறுத்தவில்லை. 33-ஆவது பாரில் அதே மெட்டு திரும்ப வருகிறது, அங்கே டிரிப்லெட் குறி ஒழுங்காக விழுந்திருக்கிறது. இரண்டு இடத்தையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள்.

மார்ச் 28, இரவு

“டிரிப்லெட் குறி தவிர இன்னும் எத்தனை குறி இருக்கிறது?” என்று கேட்கிறார்.

நிறைய. ஸ்லர் (நோட்டுகளை இழைத்து வாசிப்பது) 1-4, ஸ்டகாட்டோ 2-3-6, ஷார்ப் (அரைப்படி மேலே) 1-4-6, ஃப்ளாட் (அரைப்படி கீழே) 1-2-6, நேச்சுரல் (அந்த இரண்டையும் நீக்குவது) 1-6, ஒரு பாரை அப்படியே திரும்பச் சொல்ல 2-3-5-6. இந்த ஆறோடு தொடங்குங்கள். ஸ்டகாட்டோ இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால் நிறுத்தச் சொல்லும்வரை எல்லா நோட்டுக்கும் என்று அர்த்தம், நிறுத்தும் நோட்டுக்கு முன்னால் ஒற்றையாக வரும். அதைத் தேடாமல் விட்டால் பாட்டு முழுக்கக் குதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். 17-ஐத் திருத்தியதும் கோப்பை மறுபடி அனுப்புங்கள், 40-க்கு அப்புறம் இடக்கைக் கார்டு ஒன்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.